கழுவி வைத்த ஆறு படங்கள்

“…ஒரு பொட்டு சேறு இல்லாம தேச்சு, ரெண்டு தண்ணியில அலசி, நெழல்ல காயப் போட்டு எடுத்து வெச்சிருக்கேன் அண்ணே. வெயில்ல போட்டா துணி மொறமொறன்னு ஆயிடும் பாருங்க. எங்கன்னா ஒரு கறை இருக்கான்னு நீங்களே சொல்லுங்க!”

ஆட்டோவிலிருந்து என் ஒரு கால்தான் கீழே இறங்கியிருந்தது. அதற்குள் அந்த அம்மா இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டார். பெயர் அஞ்சலை. இடுப்பில் காலி மீன் கூடை, நெற்றியில் வேர்வை. நான் தேடிவந்த லூர்து டீச்சருக்குப் பக்கத்து வீடு. “கோயமுத்தூர்ல இருந்து படம் எடுக்க வரவரு நீங்கதான?” என்று அவர் கேட்டதற்கு நான் தலையைத்தான் ஆட்டினேன். மீதியெல்லாம் அவரே பேசிக்கொண்டார். பேச்சில் நானே பெரிய ஆள் என்று எங்கள் தெருவில் பெயர். கடலூர் மண்ணில் கால் வைத்ததுமே தோற்றுப் போனேன்.

என் தொழில் படங்களுக்குச் சட்டம் போடுவது. கல்யாணப் படம், சாமிப் படம், காலமானவர் படம் மூன்றுக்கும் ஒரே ரம்பம், ஒரே ஆணி. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்கு மேல் படித்ததெல்லாம் கடைக்கு வந்தவர்கள் வாயிலிருந்து. கோவையில் ஓவியக் கண்காட்சி நடத்துகிற ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, கடலூரில் ஓய்வு பெற்ற ஓவிய டீச்சர் ஒருவர் இருக்கிறார், ஏழு படம் வைத்திருக்கிறார், போய் அளவெடுத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து சட்டம் போட வேண்டும் என்றார். போட்டோக்களைக் காட்டினார். பார்த்துவிட்டு, “ஏரி வறண்டு கெடக்கறதைப் போய்ப் படம் புடிச்சிருக்காங்களேங்க” என்றேன். அந்த அம்மா சிரித்தார். “இது அப்ஸ்ட்ராக்ட். இதுல ஏரியும் இல்ல, மரமும் இல்ல.” உருவம் இல்லாத படத்துக்கு உருப்படியாக ஒரு சட்டம் போடுவோம் என்று கிளம்பி வந்தேன்.

தானே புயல் அடித்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. பண்ருட்டியைத் தாண்டும்போது ரயில் ஜன்னலில் பார்த்தேன். பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஜன்னலைப் பார்க்காமலே சொன்னார்: “வாழ வுழுந்தா ஒரு வருசம் போச்சு. பலா வுழுந்தா பேரன் காலம் போச்சு.” நெல்லிக்குப்பம் ஆலையின் வெல்லப்பாகு வாசனை வந்தபோதுகூட ஒருவரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எங்கள் ஊரில் ரோட்டை அகலப்படுத்த மனுசனே மரத்தை வெட்டுகிறான். இங்கே காற்று வெட்டியிருந்தது. மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாலும் மனுசனுக்கு அப்படி இல்லை. காற்றிடம் போய் யார் சண்டை பிடிப்பது?

லூர்து டீச்சர் வாசலுக்கு வந்தார். ஒல்லி. கழுத்தளவு வெட்டிய நரைமுடி. கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வீட்டுக் கூரையில் பாதி ஓடு பழசு, பாதி புதுசு. உள்ளே ஆறு படங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி. அஞ்சலை வாசற்படியில் நின்று, “திருப்பிப் பாருங்க அண்ணே” என்றார்.

ஒன்றைத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் வெறும் துணி. இரண்டாவதைத் திருப்பினேன். அதிலும் இல்லை. ஒரு ஓரத்தில் மட்டும் துணி துவைக்கிற பிரஷ் தேய்த்த கீறல்.

“நல்லா கழுவியிருக்கா இல்ல தம்பி?” என்றார் டீச்சர். சிரித்த வாய்தான். கண்ணாடிக்கு மேலே கண் மட்டும் என்னைக் கெஞ்சியது.

என்னவோ புரிந்தது, என்னவென்று புரியவில்லை. “பளிச்சுனு இருக்குதுங்க” என்றேன். அஞ்சலையின் முகம் பூத்ததே, அதை நான் என்ன செய்தாலும் மறக்க முடியாது. “பின்ன? நாலு நாள் வேலை!” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் போனதும் டீச்சர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அந்தப் படங்களில் பெயின்ட் கிடையாது. எல்லாமே கழிமுகத்துச் சேறு. முந்திரிப் பிசினில் குழைத்துத் துணியில் அப்பியது. வருசத்துக்கு ஒன்றுதான் செய்வார். கிறிஸ்துமஸுக்கு நெல்லிக்குப்பத்தில் தம்பி வீட்டுக்குப் போனவர் புயலில் அங்கேயே மாட்டிக்கொண்டார். ரோடு இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து வந்தால், ஓடு பறந்த வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. மழைத் தண்ணீரும் தெருச் சேறும் உள்ளே புகுந்ததை அஞ்சலை வாரிக் கொட்டி, பாத்திரம் பண்டம் விளக்கி, ஏசுநாதர் படத்தைத் துடைத்து, கடைசியில் இந்தச் சேறு பிடித்த துணிகளையும் துவைத்துப் போட்டிருக்கிறார்.

“அவுங்ககிட்டச் சொல்லலீங்களா?”

“எப்படித் தம்பி சொல்றது?” அடுப்பைப் பார்த்தே பேசினார். “சுனாமி வந்தப்ப அவ வூட்டுச் சேத்தை நாந்தான் வாரினேன். அவ கடக்கரையில ஒக்காந்திருந்தா. மக வருவா மக வருவான்னு. கலான்னு பேரு, ஒம்போது வயசு. கடைசி வரைக்கும் கெடைக்கல. இவ எழுந்து வரதுக்குள்ள வூட்டையாவது வூடா ஆக்கி வெப்போம்னு கழுவி வெச்சேன். அன்னிக்கு நான் செஞ்சதை இன்னிக்கு அவ எனக்குத் திருப்பிச் செஞ்சிருக்கா. அது தப்புன்னு எந்த வாயால சொல்லுவேன்?”

“அப்பறம் எதுக்குங்க என்னை வரச் சொன்னீங்க?”

“படம் போச்சுன்னு சொல்லத்தான் கண்காட்சி அம்மாவுக்கு நாலு வாட்டி போன் போட்டேன். ‘எப்படி இருக்கீங்க’ன்னு கேட்டாங்க. ‘நல்லா இருக்கேன்’னு சொல்லி வெச்சுட்டேன். நாலு வாட்டியும் அதேதான்.”

“ஏழு படம்னாங்க. ஆறுதான் இருக்குது?”

“அது போச்சு தம்பி” என்றார் சட்டென்று. காற்று தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அஞ்சலையிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நானும் செய்தேன். என் வீட்டுக்காரி பக்கத்தில் இருந்திருந்தால், ஓட்டை வாய்க்கெல்லாம் எதற்கு சத்தியம் என்று தடுத்திருப்பாள்.

மறுநாள் டீச்சர் சிதம்பரம் பக்கம் சேறு எடுக்கப் போனார். நானும் கூடப் போனேன். பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கி, விழுந்து கிடந்த ஒரு புளியமரத்தின் மேலேயே வரிசையாக உட்கார்ந்தோம். நின்றிருந்தால் நிழல் கொடுத்திருக்கும், விழுந்ததால் இடம் கொடுத்தது. “ஸ்டெப்னி எங்கய்யா?” என்று ஒருவர் கேட்க, “மாமா, ஓடிக்கினு இருந்ததே ஸ்டெப்னிதான்” என்றார் கண்டக்டர். அந்த வழியில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அப்போது எழுந்ததுதான்.

சிதம்பரத்தில் இட்லிக்குக் கொத்சு ஊற்றினார்கள். கத்தரிக்காயை இப்படியும் செய்யலாம் என்று இத்தனை வயசில் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர்த் தக்காளிச் சட்னி அதன் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். டீச்சர் பாதி இட்லியைப் பிய்த்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்ளோ தூரம் வந்துட்டு கோயிலுக்குப் போவாம இருப்பீங்களா? போயிட்டு வாங்க, நான் செருப்புக்குக் காவல் இருக்கேன்” என்று கீழ வாசலில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே போய்க் கூட்டத்தில் எக்கி நின்று, திரை விலகுகிற நேரத்தில் ரகசியத்தைப் பார்த்தேன். தங்க வில்வ மாலை தொங்குகிறது. அதற்குப் பின்னால் வெட்டவெளி. கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

“என்ன பாத்தீங்க?”

“மாலை தொங்குதுங்க. மத்தபடி ஒண்ணும் இல்லீங்க.”

“என் வூட்லயும் ஆறு இருக்கு, ஒண்ணும் இல்லாம. ஒருத்தரும் சூடம் காட்ட மாட்டேங்கிறாங்க” என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் செருப்பை மாட்டினேன்.

அங்கிருந்து கழிமுகத்தை ஒட்டிய கிள்ளைக்குப் போய் ஒரு சின்னப் படகில் ஏறினோம். படகுக்காரர் டீச்சரைப் பார்த்ததும், “இந்த வருசம் லேட்டா வரீங்க” என்று மட்டும் சொன்னார். இரண்டு பக்கமும் சுரபுன்னைக் காடு, வேரெல்லாம் தண்ணீருக்கு மேலே. நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவன் நான். தண்ணீர் என்றால் ஒரு பக்கமாகத்தான் போகும் என்று நம்பியவன். இங்கே அது வருகிறது, நிற்கிறது, யோசிக்கிறது, திரும்பிப் போகிறது. ஆற்று நீரும் கடல் நீரும் முட்டிக்கொள்கிற ஒரு மேட்டில் இறங்கினோம். தண்ணீர் வடிந்த நேரம். எட்டு வைத்தேன், முழங்கால் வரை உள்ளே போயிற்று. காலை உருவினேன், செருப்பு வரவில்லை. அது இப்போதும் அங்கேதான் இருக்க வேண்டும்.

டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். “கடலைப் பாத்து வரைய மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

“முன்னாடி வரைஞ்சேன். நீலம், நீலம், நீலம். படகு, பறவை, சூரியன். காலண்டர்காரன்கூட வாங்கினான். சுனாமி வந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் நீல டியூபைத் திறக்க முடியல. அது வந்துட்டுப் போனப்புறம் தரையில கெடந்தது பாருங்க, எனக்கு அதுதான் உண்மையாத் தெரிஞ்சுது.”

கையை விட்டுச் சேற்றைத் தோண்டினார். மேலாக ஒரு பிடி, முழங்கை ஆழத்தில் ஒரு பிடி, தோள் முட்டக் கையை விட்டு ஒரு பிடி. மேலே இருந்தது சாம்பல் நிறம். நடுவில் கருநீலம். அடியில் இருந்ததில் மஞ்சள் மணல் கலந்திருந்தது. ஒவ்வொன்றையும் முகர்ந்தார். கொத்தனார் கரண்டியால் துணியில் அப்புவாராம், அடிச்சேற்றை முதலில், மேல்சேற்றை மேலே. அதோடு அப்புகிற வேலை முடிந்தது. காயும்போது வெடிக்கும். வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சாம்பலை நிரப்பிக்கொண்டு பின்னாலேயே போவார். “கோடு நான் போடறதில்ல தம்பி. வெயில் போடுது.” இது என்ன படம் என்று என்னை மாதிரி ஆட்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். “என்னன்னு கேக்காதீங்க, எவ்ளோ நாளாச்சுன்னு கேளுங்கன்னு சொல்லுவேன்.”

“அப்படீன்னா திரும்பவும் ஆறும் செஞ்சுடலாமுங்களே? சேத்துக்கா பஞ்சம்?” என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

கையில் இருந்ததை என் உள்ளங்கையில் வைத்தார். “ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு சேறு. இது இந்த வருசத்துது. உடைஞ்ச ஓடு, முந்திரி எலை, யார் வூட்டுக் கூரையோ எல்லாம் மக்கிக் கெடக்கு. இதால ஒண்ணு செய்யலாம். போன வருசத்தை எங்க போயித் தோண்டுறது?”

படகு திரும்பும்போது, நான் கேட்காமலே, ஏழில் முதல் படத்தைப் பற்றிச் சொன்னார். அது கிள்ளைச் சேறு இல்லை. சுனாமி கொண்டுவந்து அவர்கள் தெருவில் போட்டது. எல்லோரும் மண்வெட்டியால் வாரி எறிந்துகொண்டிருந்தபோது இவர் மட்டும் ஒரு குடத்தில் எடுத்து வைத்திருக்கிறார். பிசின் யோசனையெல்லாம் அப்போது வரவில்லை. படகுப் பொருத்தில் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசுகிற குங்கிலியமும் எண்ணெயும் கேட்டு வாங்கிக் குழைத்திருக்கிறார்.

“அஞ்சலைக்குத் தெரியுங்களா?”

“‘இந்தக் கருமத்தை ஏன் டீச்சர் வூட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க’ன்னு கேப்பா. சேறுதான் படம்னே அவளுக்குத் தெரியாது, எந்தச் சேறுன்னும் நான் சொன்னதில்ல.”

திரும்புகிற பஸ்ஸில் கண்டக்டர் டீச்சர் மடியில் இருந்த பானையைத் தட்டி, “என்னம்மா, எறாலா?” என்றார். “சேறுப்பா.” “சேறா? கடலூர்ல அதுவும் ஸ்டாக் இல்லியா?” என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அஞ்சலை வீட்டில் சாப்பாடு. “கொளம்பு வெச்சிட்டு ஆள் இல்லாம திங்கிறது பாவம்” என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். புருசன் கடலுக்குப் போயிருந்தார். வீடு ஒரே அறைதான். சங்கரா மீன் குழம்பில் மாங்காய் போட்டிருந்தது. முதல் கவளத்திலேயே என் வாய் மூடிக்கொண்டது. அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அஞ்சலைதான் பேசினார். “கண்காட்சியில பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வருவாங்க இல்ல? படத்தைக் கழுவுனது நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?”

பதில் சொல்லாமல் தப்பிக்க வேண்டி, தண்ணீர் குடிக்கிற சாக்கில் அண்ணாந்தேன்.

கூரையின் நடுவில் ஷீட் பறந்த இடத்தில் ஒரு துணி இழுத்துக் கட்டியிருந்தது. கறுப்பும் சாம்பலுமாகக் கனத்த சேறு. ஊடே வெடிப்புகள். கண்காட்சி அம்மா காட்டிய போட்டோக்களில் முதலாவது.

“இதுதாங்க!” என்று கத்திவிட்டேன். “ஏழாவது! இது போகலீங்க, இருக்குதுங்க!”

“அதுவா? அது எவ்ளோ தேச்சும் போவல அண்ணே. தண்ணியும் எறங்கல. சரி, கூரைக்கு ஆவும்னு மாட்டுனேன். டீச்சரும் வந்து பாத்துட்டு, நீயே வெச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க. அழுக்குப் பக்கம் வூட்டுக்கு, வெள்ளப் பக்கம் ஊருக்கு.”

“அழுக்கா? அது படமுங்க! டீச்சர் செஞ்ச படமே அதுதானுங்க!”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதுக்கே அது கேட்டது. அஞ்சலையின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

“அப்ப அந்த ஆறு?”

நான் சோற்றைப் பிசைந்தேன்.

குழம்புக் கரண்டியோடு அவர் தெருவுக்குப் போனார். “ஏ லூர்து!” மூன்று நாளும் டீச்சர், டீச்சர் என்றே சொன்ன வாய். “வெளிய வா!”

டீச்சர் முழங்கை வரை சேற்றோடு வந்தார். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். திட்டவில்லை.

“ஒரு மாசமா என் கையால டீ வாங்கிக் குடிக்கிற. ‘நல்லா கழுவியிருக்க அஞ்சல’ன்னு தெருவுக்கே சொல்ற. நான் குடுத்தது வெசம்னா துப்ப வேண்டியதுதான? முழுங்கிட்டுச் சிரிச்சிக்கினு இருந்தா அது என்னா பெரிய மனசு? கெடுதலுக்கா கழுவுனேன்?”

“இல்ல அஞ்சல.”

“ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம் இல்ல?”

“மனசு வரல.”

“எனக்கு வரும்! வந்துக்கினேதான் இருக்கு!” எதிர் வீட்டுப் பெண் அவர் தோளைப் பிடிக்க வர, கரண்டியாலேயே தள்ளி நிற்கச் சொன்னார். அழுகையும் ஆத்திரமும் ஒரே மூச்சில் வந்தன. “உனக்கு மிச்சம் இது ஒண்ணுதான? எடுத்துக்கினு போ. மழை வந்தா நான் நனைஞ்சிட்டுப் போறேன். அண்ணே, ஏணி பின்னால இருக்கு, அவுத்துடுங்க!”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒன்றாவது கோயமுத்தூர் போய்ச் சேரட்டும். ஏணியைச் சாத்தி ஏறி, ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்தேன்.

“அவுக்காதீங்க தம்பி” என்றார் டீச்சர் வாசலில் இருந்து. “அஞ்சல, அது உன்னோடது.”

“என் வூட்டுக்கு எதுக்குடி சேறு?”

“கிள்ளைச் சேறு இல்ல அது. அன்னிக்கு உன் வாசல்ல வாரினது. நீ கரையில ஒக்காந்திருந்தப்ப. அள்ளிக் கொட்ட மனசு வரல. ஒரு கொடம் எடுத்து வெச்சேன்.”

அஞ்சலை மெதுவாகத் திரும்பி வீட்டுக்குள் வந்தார். அண்ணாந்து பார்த்தார். உச்சி வெயில் துணியின் முதுகில் விழுந்து, தேய்த்ததில் சாம்பல் போய், சேறு வெடித்த இடமெல்லாம் மெல்லிய வெளிச்சமாக ஓடியது. ஒரு மாதத்துக்கு மேல் அதன் அடியில்தான் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

கயிற்றைப் பிடித்தபடி ஏணியில் நின்றேன். கட்டவா, விடவா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

“கட்டுங்க அண்ணே” என்றார்.

கட்டினேன். இரண்டு முடிச்சு போட்டேன்.

அஞ்சலை என் சாப்பாட்டுத் தட்டைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த பாயை எடுத்து அறையின் நடுவில் விரித்தார். மல்லாந்து படுத்தார். இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே, ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். நான் எத்தனையோ கண்காட்சிக்குச் சட்டம் போட்டிருக்கிறேன். ஒரு படத்தை ஒருவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. டீச்சர் நிலைப்படியைத் தாண்டாமல், சேற்றுக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அஞ்சலை மேலே இருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு பக்கமாக நகர்ந்து, பாயில் பாதியை விட்டுப் படுத்தார்.